வள்ளத்தை நீரில் இறக்குகிறவர்கள்

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் புதைந்தன. ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் போட்டி ஆகஸ்ட் 10ஆம் தேதி நடப்பதாக இருந்தது. கேரளமே துக்கம் காத்த அந்த நாட்களில் வள்ளம் களி என்னும் இந்தப் படகுப் போட்டியை நடத்துவதை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. போட்டி தள்ளிவைக்கப்பட்டது. குறை சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த தேதி எது என்று வாரக்கணக்கில் தெரியாமலே இருந்தது.

அந்த வாரம் ஆலப்புழையைச் சுற்றியுள்ள குட்டநாட்டுப் படகுக் குழுக்கள் பயிற்சி முகாமின் உச்சத்தில் இருந்தன. ஒரு குழு என்றால் ஏறத்தாழ நூறு ஆண்கள். கொத்தனார், மீன் பிடிப்பவர், படகுவீட்டில் வேலை பார்ப்பவர், கல்லூரி மாணவர் என்று பலரும் அன்றாட வேலையைப் போட்டுவிட்டு வந்து ஓரிடத்தில் தங்கியிருப்பார்கள். மூன்று வேளைச் சாப்பாடும், படுக்க இடமும், இழந்த கூலிக்கு ஈடாகப் படியும் குழுதான் தர வேண்டும். முகாமைக் கலைத்துவிட்டால் உடம்பில் ஏறிய பயிற்சி இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். வெளியூர் ஆட்கள் மறுபடி வருவார்கள் என்பதற்கு உறுதியில்லை. நீட்டித்தால் ஒவ்வொரு விடியலும் ஒரு செலவு. இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தவர்கள் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர், கேப்டன் ஆகியோர். அவர்களில் யாருக்கும் அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. இருந்த கையிருப்பும் ஆகஸ்ட் 10ஐ மனதில் வைத்துத் திரட்டியது.

படகுக் குழுக்களும் ரசிகர்களும் விடாமல் குரல் எழுப்பிய பிறகு செப்டம்பர் 28ஆம் தேதி போட்டி நடந்தது. இறுதிச் சுற்றில் பள்ளாத்துருத்தி படகுக் குழு துழைத்த (துடுப்புப் போட்ட) காரிச்சால் சுண்டன் என்னும் நீண்ட போட்டிப் படகு 4 நிமிடம் 29.785 வினாடியில் எல்லைக் கோட்டைத் தொட்டது. கைநகரி வில்லேஜ் படகுக் குழுவின் வீயபுரம் சுண்டன் எடுத்துக்கொண்டது 4 நிமிடம் 29.790 வினாடி. ஆயிரத்தில் ஐந்து பங்கு வினாடி! அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடைவெளி ஏறக்குறைய ஓர் அங்குலம். நூறடிக்கு மேல் நீளமுள்ள இரண்டு படகுகள் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தைக் கடந்து வந்து ஓர் அங்குலத்தில் பிரிந்தன. மறுநாள் தொலைக்காட்சிகள் அந்த அங்குலத்தைத் திரும்பத் திரும்பக் காட்டின. அதற்கு முந்தைய ஏழு வாரங்களை நிச்சயமில்லாமல் கடத்தி, ஆட்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தவர்களை யாரும் காட்டவில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

வெளியூரிலிருந்து பார்க்கும் நமக்கு ஒரு விஷயம் எளிதில் பிடிபடுவதில்லை. படகு வேறு, குழு வேறு. காரிச்சால் என்பது படகின் பெயர். அது காரிச்சால் ஊர்க்காரர்களுக்குச் சொந்தம். சுண்டன் வள்ளங்களில் பலவற்றை ஊர் மக்கள் பங்கு போட்டு, ஒரு சமிதி அமைத்து, தச்சரை அழைத்துக் கட்டியிருக்கிறார்கள். காரிச்சாலைக் கட்டியவர் கோழிமுக்கு நாராயணன் ஆசாரி. குட்டநாட்டில் அவர் பெயரைச் சொன்னால் அறியாதவர் இல்லை. அயினி மரப் பலகைகளைச் சேர்த்துச் செய்யும் இந்தப் படகு ஆண்டின் பெரும்பகுதியைக் கரையில், ‘மாலிப்புரை’ எனப்படும் நீண்ட கொட்டகைக்குள் கழிக்கும். அதற்கு மீன் எண்ணெய் பூசுவது, கூரை ஒழுகாமல் பார்ப்பது, விரிசல் கண்ட பலகையை மாற்றுவது எல்லாம் படகுச் சமிதியின் வேலை. துழைக்கும் குழுவோ இன்னோர் ஊரில் இருக்கும். பள்ளாத்துருத்தி, கைநகரி, குமரகம் போன்ற ஊர்களின் குழுக்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஏதாவது ஒரு சமிதியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அவர்களுடைய படகில் ஏறுகின்றன. அதனால்தான் பள்ளாத்துருத்திக் குழு 2018, 2019, 2022, 2023, 2024 என்று தொடர்ந்து நடந்த ஐந்து போட்டிகளில் வென்றபோது ஐந்து முறையும் வேறு வேறு படகுகளில் வென்றது. வெள்ளம் வந்த 2018இல் போட்டி நவம்பருக்குப் போனது. 2020, 2021 ஆண்டுகளைக் கொரோனா எடுத்துக்கொண்டது.

ஆக, ஒரு படகு நீரில் இறங்க இரண்டு ஊர்களின் தன்னார்வலர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். பல தலைமுறை ஊர்ப் பெருமையைத் தாங்கிய படகை அடுத்த ஊர் இளைஞர்களிடம் ஒப்படைக்கிறது ஒரு சமிதி. சேதமானால் யார் பொறுப்பு, ஓடிய படகை எந்த நாளில் திருப்பிக் கொடுப்பது, கோப்பை எந்த ஊரில் எத்தனை நாள் இருக்கும், வெற்றி ஊர்வலம் எந்தக் கரையில் முதலில் நிற்கும் என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். இதில் எழுதி வாங்குவது ஒரு பகுதிதான். மீதியெல்லாம் அந்த ஊர்ப் பெரியவரும் இந்த ஊர்ச் செயலாளரும் பத்துப் பதினைந்து வருடமாக ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவர் போய் வந்த பழக்கத்தில் நிற்கிறது.

கேப்டன் என்றதும் முன்னால் நின்று துழைக்கும் பலசாலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். படகுக்குள் பொறுப்புகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. எண்பது, தொண்ணூறு துழைக்காரர்கள் இரண்டிரண்டு பேராக அமர்ந்திருப்பார்கள். பின்புறம் உயர்ந்து நிற்கும் அமரத்தில் நான்கைந்து பேர் பங்காயம் என்னும் நீண்ட துடுப்பைப் பிடித்துத் திசை காப்பார்கள். நடுவில் நிற்கும் நிலைக்காரர்கள் தடியால் பலகையில் இடித்துத் தாளம் கொடுப்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை வீச்சு என்பது அவர்கள் கையில் இருக்கிறது. கேப்டன் இவர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பொறுப்பேற்பவர். பல குழுக்களில் அவர் ஊரில் தொழில் செய்பவராகவோ வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவராகவோ இருக்கிறார். பருவம் முழுவதற்கும் பணம் புரட்டுவது, புரளாத இடத்தில் தன் கையிலிருந்து போடுவது, வெற்றி வந்தால் மாலையை வாங்கிக்கொள்வது, தோல்வி வந்தால் டீக்கடைப் பேச்சு முழுவதையும் வாங்கிக்கொள்வது என்று எல்லாம் அவர் பெயரில் எழுதப்படும்.

பணத்தைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. முகாமுக்கு வருபவர்கள் எப்போதும் இருக்கைகளைவிட அதிகம். ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தம்பியும் வந்திருப்பார்கள். போன வருடம் துழைத்தவர், அப்பா காலத்திலிருந்தே துழைக்கும் குடும்பத்தவர், இந்த வருடம் மூச்சு வாங்குகிறார். போட்டிக்குச் சில நாட்கள் முன்பு இறுதிப் பட்டியலைப் படிக்க வேண்டியவர் கேப்டன். சம்பளம் கொடுக்கும் விளையாட்டு அணியில் பயிற்சியாளர் ஒருவரை நீக்கினால் அது தொழில். இங்கே நீக்கப்பட்டவர் நாளைக்கும் அதே படகுத்துறையில் எதிரே வருவார். அவருடைய அம்மா கோயிலிலோ தேவாலயத்திலோ பார்த்துக் கேட்பார். அப்படி வெளியே வைக்கப்பட்டவரை முகாமை விட்டுப் போகவிடாமல், மாற்று ஆளாகவோ சமையற்கட்டுப் பொறுப்பிலோ பயிற்சிப் படகின் பின்னால் போகும் மோட்டார் வள்ளத்திலோ நிறுத்தி வைத்துக்கொள்ளத் தெரிந்தவரே நல்ல கேப்டன் என்று நான் கருதுகிறேன். பத்து வருடம் கழித்து அந்தக் குழுவைத் தோளில் தாங்கப்போவது பெரும்பாலும் அந்த மாற்று ஆள்தான்.

முகாம் நடத்துவது வாரக்கணக்கில் நீளும் கல்யாண வீட்டை நடத்துவது போல. விடியற்காலையில் உடற்பயிற்சி, பிறகு நீரில் முதல் ஓட்டம், மாலையில் மறுபடி. முட்டை, பால், நேந்திரம்பழம், மீன், இறைச்சி என்று நூறு பேர் உடம்புக்கு ஏற்ற சாப்பாடு. மது கூடாது, விரதம் காக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. தோள்பட்டை பிடித்துக்கொண்டவரை யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு மனைவியின் பேறுகாலம் நெருங்குகிறது என்பதெல்லாம் செயலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரிசிக்கடைக்காரருக்குப் பாக்கி சொல்வதும், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் அதிகம் என்று வந்தால் சமாதானம் சொல்வதும் அவரே. இதில் பெண்களின் உழைப்பு செய்திகளில் அதிகம் வருவதில்லை. கணவனும் மகனும் வேலைக்குப் போகாத அந்த வாரங்களில் வீட்டுக் கணக்கை ஓட்டுகிறவர்கள் அவர்களே. தெக்கனோடி என்னும் படகு வகையில் பெண்களும் போட்டியிடுகிறார்கள். அந்தப் படகுகளுக்கும் இதே போன்ற ஏற்பாடுகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

இந்தப் போட்டிக்கு நேருவின் பெயர் வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1952 டிசம்பரில் பிரதமர் நேரு கோட்டயத்திலிருந்து நீர்வழியாக ஆலப்புழைக்கு வந்தார். அவருக்காக ஒரு வள்ளம் களி ஏற்பாடாகியிருந்தது. நடுபாகம் சுண்டன் முதலில் வந்தபோது பாதுகாப்பையெல்லாம் மறந்து அவர் அந்தப் படகுக்குள் குதித்து ஏறி, அதிலேயே ஆலப்புழைப் படகுத்துறை வரை போனார். டெல்லி திரும்பியதும் படகு வடிவில் ஒரு வெள்ளிக் கோப்பையை அனுப்பினார். முதலில் பிரதமர் கோப்பை என்று இருந்தது அவர் மறைவுக்குப் பிறகு நேரு கோப்பை ஆனது. குதித்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள். கோப்பையில் அவர் பொறித்து அனுப்பிய வாசகத்தைச் சொல்பவர்கள் குறைவு. திருவிதாங்கூர்-கொச்சி மக்களின் சமுதாய வாழ்க்கைக்கே உரிய தனிச்சிறப்பு என்று அந்தப் போட்டியை அதில் குறிப்பிட்டிருக்கிறார். விளையாட்டு, சுற்றுலா, பாரம்பரியம் என்று எந்தத் தலைப்பிலும் அவர் அதை அடக்கவில்லை. விருந்தினராக வந்து பார்த்தவர், விஷயத்தின் வேரைத் தொட்டுவிட்டார்.

அந்தச் சமுதாய வாழ்க்கையின் பழைய வடிவங்கள் இன்னும் அருகிலேயே இருக்கின்றன. சம்பக்குளத்தில் ஆனி மாத மூல நாளில் நடக்கும் வள்ளம் களிதான் பருவத்தின் தொடக்கம். அம்பலப்புழைக் கோயிலுக்குக் கொண்டு செல்லப்பட்ட கிருஷ்ணர் சிலை வழியில் சம்பக்குளத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வீட்டில் இரவு தங்கியது என்றும், மறுநாள் ஊரே படகுகளில் திரண்டு அதை அழைத்துச் சென்றது என்றும் மரபு சொல்கிறது. அந்த நினைவில்தான் போட்டி. பம்பையாற்றில் ஆறன்முளையில் நிலைமை இன்னும் தெளிவு. அங்கே படகுக்குப் பள்ளியோடம் என்று பெயர். ஒவ்வொரு பள்ளியோடமும் ஒரு கரைக்கு, அதாவது ஆற்றங்கரை ஊருக்கு, சொந்தம். ஐம்பதுக்கு மேற்பட்ட கரைகள் இருக்கின்றன. கரயோகம் என்னும் ஊர்ச் சங்கம் அதை நிர்வகிக்கிறது. எல்லாக் கரைகளுக்கும் பொதுவாகப் பள்ளியோட சேவா சங்கம் இருக்கிறது. நேர்ந்துகொண்ட குடும்பம் வள்ளசத்யை விருந்து படைக்கும்போது அந்தக் கரையின் ஆட்கள் துழைத்து வந்து, வேண்டிய பதார்த்தங்களைப் பாட்டாகவே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அங்கே துழைப்பது வழிபாடு. கரயோகத்துச் செயலாளராக இருப்பதும் அப்படித்தான் கருதப்படுகிறது.

புன்னமடை அந்தப் பாதையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. இது எனக்குக் கவலை தருகிறது. ஆனால் வருகிற மாற்றங்கள் எல்லாவற்றையும் நான் எதிர்க்கவில்லை. 2019இல் கேரளச் சுற்றுலாத் துறை சாம்பியன்ஸ் படகு லீக்கைத் தொடங்கியது. ஒன்பது அணிகள், பன்னிரண்டு போட்டிகள், வென்ற அணிக்கு 25 லட்சம் ரூபாய். ஒரு நாள் கொண்டாட்டத்துக்காக ஆண்டு முழுவதும் கடன்பட்ட குழுக்களுக்கு வருமான வழி என்ற அளவில் அது தேவையான முயற்சி. அதே சமயம் செலவும் ஏறியது. நல்ல துழைக்காரருக்குப் போட்டி வந்தது. வெளி மாநிலங்களிலிருந்து, துடுப்பு விளையாட்டில் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டுவரும் வழக்கம் வளர்ந்தது. நேரு கோப்பையில் அப்படிப்பட்டவர்கள் கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைக்க வேண்டியதாயிற்று. இன்று ஒரு குழு போட்டிக்குத் தயாராவதற்குப் பல பத்து லட்சங்கள் வேண்டும்.

மணிப்பூரிலிருந்தோ காஷ்மீரிலிருந்தோ ஓர் இளைஞர் வந்து குட்டநாட்டுத் தாளத்துக்குத் துழைக்கக் கற்றுக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே. முகாமில் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிடும் நட்பு அது. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. செலவு ஏற ஏற, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் மாறுகிறது. முன்பு கேப்டன் பதவிக்கு ஊர் பார்த்தது, இவர் கூப்பிட்டால் நூறு பேர் வருவார்களா என்பதை. இப்போது முதலில் பார்க்க வேண்டியிருப்பது, இவரால் எத்தனை லட்சம் கொண்டுவர முடியும் என்பதை. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் ஊருக்கு அதிர்ஷ்டம். இல்லாதபோது பணம் உள்ளவர் முன்னால் நிற்பார். ஆட்களைக் கூப்பிடத் தெரிந்தவர் மெல்ல ஒதுங்கிவிடுவார். அவரோடு அவர் மனதில் மட்டும் இருக்கும் பட்டியலும் போய்விடும்: எந்த வீட்டில் தோள் அகன்ற பையன் வளர்கிறான், எந்த இரண்டு பேரை அருகருகே உட்கார வைக்கக் கூடாது, எந்தச் சமிதிக்காரரிடம் எப்படிப் பேசினால் படகு கிடைக்கும். மாற்றுப் பணக்காரரை அடுத்த பருவத்துக்குத் தேடிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலை மறுபடி உண்டாக்க ஒரு தலைமுறை ஆகும்.

2025 ஆகஸ்ட் 30ஆம் தேதி கைநகரி வில்லேஜ் படகுக் குழு, முந்தைய ஆண்டு ஓர் அங்குலத்தில் இழந்த அதே வீயபுரம் சுண்டனில் வந்து கோப்பையை எடுத்தது. 2024இல் முடிவை எதிர்த்து முறையீடு செய்து, அது தள்ளுபடியானதைக் கண்ட குழு அது. அப்படி ஒரு தோல்விக்குப் பிறகு நூறு பேரை மறுபடி ஒரே படகில் உட்கார வைப்பது எளிதான காரியம் இல்லை. பழைய கோபத்தை ஆற்றி, போன பருவத்துக் கணக்கை முடித்து, நன்கொடை கொடுத்தவர் வீட்டுப் படியை இன்னொரு முறை ஏறியாக வேண்டும். எந்தக் குழுவானாலும் வெற்றிப் படத்தில் தெரியும் கோப்பைக்கு முன்னால் அந்தப் படியேற்றங்கள் நடந்திருக்கும்.

நேரு கோப்பையை நடத்தும் சங்கத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமை வகிக்கிறார். அரசு இயந்திரம் முழுதும் பின்னால் நிற்கிறது. ஆகவே இந்தக் குழுக்களின் சுமையைக் குறைப்பது அரசால் முடியாத காரியம் இல்லை. போட்டிக்காகத் தரப்படும் மானியமும் போனசும் அது முடிந்து வெகுநாள் கழித்து வருகின்றன என்பது குழுக்களின் நெடுநாள் குறை. அதில் ஒரு பகுதியையாவது முகாம் தொடங்கும் நாளில் கொடுத்தால், கடைக்காரரிடம் கைகட்டி நிற்கும் பொருளாளருக்குப் பெரிய விடுதலை. முகாமில் இருக்கும் எல்லாருக்கும், மாற்று ஆட்களையும் சமையற்காரரையும் சேர்த்து, விபத்துக் காப்பீட்டை அரசே எடுக்கலாம். இயற்கைச் சீற்றத்தால் தேதி மாறும் ஆண்டுகள் இனியும் வரும். குட்டநாட்டின் மழைக்காலம் அப்படி மாறிவிட்டது. அப்போது புதிய தேதியை இத்தனை நாட்களுக்குள் அறிவிப்போம், இடைப்பட்ட முகாம் செலவில் இத்தனை பங்கை ஏற்போம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் ஒவ்வொரு செயலாளரும் தனித்தனியே இரவு விழித்து எடுத்த முடிவுக்கு அடுத்த முறையாவது ஓர் அரசாணையின் துணை இருக்கட்டும்.